ஏறினவர் மட்டும்

சமையலறை ஜன்னலில் தெரிகிற ஸ்டேஷன்தான்.
சக்கரத்தை நாற்பது தரம் தள்ளினால் மேடை.
மேடையிலிருந்து பெட்டிக்கு
முப்பத்தொரு சென்டிமீட்டர்.
தையல் நாடாவைப் பிடித்து அளந்தேன்.
டிரைவர் கண்ணாடியில் பார்த்து ஹாரன் அடித்தார்.

ஹின்டர்மோஸ் என்று பலகை.
சிகரெட் மெஷின் ஒன்று, பால்பண்ணை ஒன்று,
அரை மணிக்கு ஒரு ரயில் பேர்ணுக்கு.
என் மடியில் வருடச் சீட்டு.
பேசலிலிருந்து கியாசோ வரை செல்லும்,
கப்பலில் செல்லும், மலைப் பஸ்ஸில் செல்லும்.
முப்பத்தொரு சென்டிமீட்டர் உயரத்துக்கு
மட்டும் செல்லாது.

சட்டம் நடைமுறைக்கு வந்த ஆண்டு
நான் ஓட்டல் நிலவறைப் படிகளில்
உருளைக்கிழங்குப் பெட்டி சுமந்துகொண்டிருந்தேன்.
நிலையங்களைத் திருத்த இருபது வருஷ அவகாசமாம்.
எனக்கென்ன என்றிருந்தேன்.
பன்னிரண்டாம் வருஷம், அதே படி, ஈரம்.

பிறகு கட்டிலில் கிடந்து
அகராதியோடு அந்தச் சட்டத்தை வாசித்தேன்.
எல்லாம் நல்ல சொற்கள்.
நடுவில் ஒன்று மட்டும் ரயில் நீளத்துக்கு நின்றது:
தமிழில் விகிதாசாரம் என்று வைத்துக்கொள்ளலாம்.
செலவு பெரிது, பயன் சிறிது என்றால்
மேடை அப்படியே கிடக்கலாம்.
ஜெர்மனில் அந்தச் சொல்லுக்கு இருபது எழுத்து.
எண்ணிப் பார்த்தேன்,
இப்போது ஆஸ்பத்திரியில் கணக்கு எழுதுகிறவள் அல்லவா.
எழுத்துக்கு ஒரு வருஷம்.

அவகாசம் முடிந்த இரவு
ஊரெல்லாம் வாணம் விட்டார்கள்.
புத்தாண்டுக்கு.

எங்கள் ஸ்டேஷனுக்குக் கடிதம்தான் வந்தது.
பயணிகள் தொகை குறைவு.
ஒரு மணி நேரம் முன்பு போன் செய்தால்
வேன் அனுப்புவோம்.
நட்பார்ந்த வணக்கங்களுடன்.

அக்டோபரில் ஒரு நாள்
எண்ணுவதற்கு ஒரு பையன் வந்தான்.
ஜியான் என்று மார்பில் அட்டை,
கையில் அழுத்துகிற மெஷின்.
ஆறு நாற்பத்தேழுக்குப் பதினான்கு.
ஏழு பதினேழுக்கு ஒன்பது.
இரண்டு ரயிலுக்கும் நான் அவன் பக்கத்திலேயே இருந்தேன்.
என்னை அழுத்தினீர்களா என்று கேட்டேன்.
காது சிவந்தது.
"ஏறினவர் மட்டும், அம்மா. அப்படித்தான் விதி."

ஏறாததால் எண்ணிக்கை இல்லை.
எண்ணிக்கை இல்லாததால் மேடை இல்லை.
மேடை இல்லாததால்.
தம்பி, கணக்கில் இதை
வட்டப் பிழை என்போம் என்றேன்.
எக்செல் சிவப்பாகக் காட்டும்.
சட்டம் காட்டவில்லை.

அவன் நல்ல பிள்ளை.
அடுத்த ரயில் வந்ததும் மெஷினைப் பையில் போட்டுவிட்டு,
தூக்கி ஏற்றட்டுமா,
அந்த மனிதரையும் கூப்பிடுகிறேன் என்றான்.
கதவு திறந்து கிடந்தது. உள்ளே சூடு, காப்பி மணம்.
மனசு ஒரு நொடி ஏறிவிட்டது, பொய் சொல்வானேன்.
வேண்டாம் என்றேன்.
தூக்கினால் நான் ஏறினவளா, ஏற்றப்பட்டவளா?
அதற்கு உங்கள் மெஷினில் எந்தப் பொத்தான்?

அவனால் தமிழில் அந்த வித்தியாசம் கேட்டிருக்க முடியாது.
ஜெர்மனில் நான் உளறியிருப்பேன்.
ஆனாலும் கையை எடுத்துக்கொண்டான்.

படிவத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது.
மண்டியிட்டு, என் சக்கரத்தின் மேல் தாளை வைத்து எழுதினான்:
ஒருவர், மூன்று ரயில்கள், ஏறவில்லை.
பேனாவை வாங்கி
ஏற இயலவில்லை என்று திருத்தினேன்.
பிறகு அதையும் அடித்தேன்.
எனக்கு இயலும். மேடைக்குத்தான் இயலவில்லை.
கட்டம் சிறியது, இடம் முடிந்துவிட்டது.
வேன் வந்தது, இருபது நிமிஷம் பிந்தி.

மறுநாள் சனி, வேலை இல்லை.
ஆறு நாற்பத்தேழுக்கு மேடையில் இருந்தேன்,
மடியில் ஒரு கணக்குப் புத்தகம்.
ஏறினவர் ஐந்து.
ஏறாதவர் பகுதியில் நான்,
தள்ளுவண்டியோடு திரும்பிப்போன நீடர்ஹவுசர் அம்மா.
ஒரு நாயும் ஏறியது, துள்ளி, ஒரே தாவலில்.
இந்த நாட்டில் நாய்க்கும் டிக்கெட் உண்டு.
அதை எந்தப் பகுதியில் எழுதுவது
என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே
கதவு கூவி மூடிக்கொண்டது.